டேப் பெட்டியின் மேல் எழுதியவர்கள்

(மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு)



உலகப் புகழ் பெற்ற ஓர் இசைக்குழுவின் வரலாற்றை யார் எழுத வேண்டும்? ரசிகர் எழுதலாம். பத்திரிகைக்காரர் எழுதலாம். குழுவில் கிட்டார் வாசித்தவரே வயசான பிறகு சாவகாசமாக உட்கார்ந்து எழுதலாம். மூன்று வகையிலும் புத்தகங்கள் குவியல் குவியலாக வந்திருக்கின்றன. ஆனால் என்னைக் கேட்டால், பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றை உருப்படியாக எழுத வழி செய்தவர்கள் இந்த மூன்று வகையிலும் சேராதவர்கள். ஒரு கையில் டேப் சுருளும் மறு கையில் பென்சிலுமாக மெஷின் பக்கத்தில் நின்ற டெக்னீஷியன்கள். சுருக்கமாகச் சொன்னால் நம்ம ஆளுங்க!

ஏதோ டிப்ளமோ படிக்கிற கர்வத்தில் இவன் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். ஒரு புத்தகம் என்னை அப்படிப் பேச வைத்துவிட்டது.

பழைய புத்தகக் கடையில் நுழைவுத் தேர்வு கைடுகளுக்கு நடுவே அது கிடந்தது. நம் டிராயிங் ஃபைல் மாதிரி பெரிய சைஸ். புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தேதி, தேதிக்குக் கீழே நேரம், ஸ்டூடியோ எண், டேக் எண், என்ஜினியர் பெயர். கடைக்காரர் அதை ஏதோ கணக்குப் பதிவேடு என்று நினைத்துத்தான் ஓரமாகப் போட்டிருந்தார். அவர் நினைத்ததிலும் தப்பில்லை. அது ஒரு பதிவேடுதான்! புத்தகத்தின் பெயர் 'தி கம்ப்ளீட் பீட்டில்ஸ் ரெக்கார்டிங் செஷன்ஸ்'. எழுதியவர் மார்க் லூயிசன் என்ற ஆங்கிலேயர். வெளிவந்த ஆண்டு 1988.

பீட்டில்ஸ் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது வேதம் மாதிரி. ஆனால் அந்த வட்டத்தைத் தாண்டினால் தொடுவார் இல்லை. பொதுவாக எல்லோரும் படிப்பது வாழ்க்கை வரலாறுகளைத்தான். ஹன்டர் டேவிஸ் 1968-இல் எழுதியது ஒன்று, ஃபிலிப் நார்மன் 1981-இல் எழுதியது ஒன்று, இப்படி. அவற்றில் காதல் உண்டு, சண்டை உண்டு, பிரிவு உண்டு. இந்தப் புத்தகத்திலோ தேதிதான் உண்டு. சினிமாவுக்குப் போனவனை தாசில்தார் ஆபீசில் உட்கார வைத்த மாதிரி முதல் பத்துப் பக்கம் இருக்கும். பொறுமையாகப் பதினோராவது பக்கத்துக்குப் போனால் கதையே வேறு.

தெரியாதவர்களுக்காகச் சின்ன அறிமுகம். பீட்டில்ஸ் என்பது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் நால்வர். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். 1962-இல் இ.எம்.ஐ. கம்பெனிக்காகப் பாட ஆரம்பித்தார்கள், 1970-இல் பிரிந்துவிட்டார்கள். இ.எம்.ஐ. என்றால் நமக்கு அந்நியமில்லை. நம் தாத்தாக்கள் 'நாய் மார்க்' என்று சொன்ன எச்.எம்.வி. இசைத்தட்டு அந்தக் குடும்பத்துச் சரக்குதான். அந்தக் கம்பெனியின் ஸ்டூடியோ லண்டனில் ஆபி ரோடு என்ற தெருவில் 1931-இல் திறக்கப்பட்டது. பீட்டில்ஸின் பெரும்பாலான பாட்டுகள் அங்கேதான் பதிவாயின. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

அந்த ஸ்டூடியோ கிட்டத்தட்ட ஒரு அரசாங்க ஆபீஸ் மாதிரி நடந்தது. டெக்னிக்கல் ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு. ஒலியைச் சமன் செய்கிற என்ஜினியருக்குச் சட்டையும் டையும். அவருக்குக் கீழே டேப் ஆபரேட்டர் என்று ஒரு பையன். மெஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவன் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. எந்தப் பாட்டு, எத்தனையாவது டேக், பாதியில் நின்றதா, முழுசாக முடிந்ததா, எது நல்ல டேக் என்பதையெல்லாம் டேப் பெட்டியின் மேலும் தாளிலும் எழுதி வைக்க வேண்டும். பாடுகிறவருக்கு அது தெரியாது. கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் எழுத வேண்டும்.

எழுதினார்கள். எட்டு வருஷம் எழுதினார்கள். ஏதோ வரலாறு படைக்கிறோம் என்று நினைத்து எழுதவில்லை. நாளைக்கு வேறொரு ஆள் வந்து அந்த டேப்பைத் தேடினால் கிடைக்க வேண்டுமே, அவ்வளவுதான்.

1980-களின் தொடக்கத்தில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஜான் பாரெட் என்று ஒரு என்ஜினியர் இருந்தார். அவருக்குப் புற்றுநோய். சிகிச்சை நடந்த காலத்தில் மனசை ஈடுபடுத்த ஒரு வேலை வேண்டும் என்று அவருக்குப் பீட்டில்ஸ் டேப்புகளைக் கேட்டுப் பட்டியலிடும் பணி கொடுக்கப்பட்டது. அவர் ஒவ்வொரு டேப்பாக எடுத்து, கேட்டு, பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டு, பாட்டுவாரியாகக் குறிப்பு எடுத்தார். லூயிசன் பின்னால் வந்து டேப்புகளைக் கேட்டு எழுதியபோது பாரெட்டின் அந்தப் பட்டியல் பெரிய துணையாக இருந்தது. 1988-இல் புத்தகம் வந்தபோது பாரெட் உயிரோடு இல்லை. நோயாளியாக இருந்த ஒரு டெக்னீஷியன், யாரும் கைதட்டாத ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, பதிவேட்டால் என்ன லாபம்? ஓர் உதாரணம் சொல்கிறேன்.

'பீட்டில்ஸின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது' என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்கிறதுக்கு ஜோராகத்தான் இருக்கிறது. பதிவேடு என்ன சொல்கிறது? ஆல்பத்தில் மொத்தம் 14 பாட்டு. நான்கு பாட்டு ஏற்கெனவே 1962-இல் சிறிய இசைத்தட்டுகளுக்காகப் பதிவானவை. மீதி பத்துப் பாட்டுதான் 1963 பிப்ரவரி 11-ஆம் தேதி பதிவாயின. காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை, மதியம் 2.30-இலிருந்து 6 வரை, இரவு 7.30-இலிருந்து 10.45 வரை. கூட்டிப் பாருங்கள்: ஒன்பதே முக்கால் மணி நேரம். அதாவது 585 நிமிடம். மதிய இடைவேளையில் டெக்னீஷியன்கள் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால், பையன்கள் நால்வரும் பாலைக் குடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! லெனனுக்கு அன்றைக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கிற 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை அதனால்தான் கடைசிக்கு ஒதுக்கினார்கள். முதல் டேக்கிலேயே முடிந்தது. ஆல்பத்தில் இருப்பது அதுதான்.

கதை இத்தோடு முடியவில்லை. அதே மாதம் 20-ஆம் தேதி, பீட்டில்ஸ் யாருமே இல்லாத நேரத்தில், ஜார்ஜ் மார்ட்டின் ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு பாட்டுக்குப் பியானோவும் இன்னொரு பாட்டுக்கு செலஸ்டா என்ற வாத்தியமும் வாசித்துச் சேர்த்திருக்கிறார். 'ஒரே நாள்' கதையைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறவர்களுக்கு இது ஞாபகம் வருவதில்லை. ஞாபகம் என்பது வசதிக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். பெட்டியின் மேல் எழுதிய தேதி வளையாது.

இப்போது நம் சிலபஸுக்கு வருவோம். ஸின்க்ரனஸ் மோட்டார் ஞாபகம் இருக்கிறதா? 120-ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வேகம். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. அந்த இரண்டு மார்க் கேள்வியை வைத்து கென் டவுன்சென்ட் என்ன செய்தார் என்று இந்தப் புத்தகத்தில் படித்தபோது வியப்பாக இருந்தது.

டவுன்சென்ட் யார்? இ.எம்.ஐ. தொழிற்சாலையில் 1950-இல் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவர். பிறகு ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு டெக்னிக்கல் என்ஜினியராக வந்தார். பின்னாளில் அந்த ஸ்டூடியோவுக்கே தலைமை நிர்வாகியாக உயர்ந்தார். அப்ரெண்டிஸ் என்றால் ஏளனமாகப் பார்க்கிற உறவுக்காரர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.

1966-இல் 'ரிவால்வர்' ஆல்பம் வேலை நடந்துகொண்டிருந்தது. குரல் கனமாகக் கேட்க வேண்டுமானால் ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்வது அன்றைய வழக்கம். லெனனுக்கு அது பிடிக்காது. ஒரு தடவை பாடினதை மறுபடி அப்படியே பாடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒருநாள் இரவு நெடுநேரம் இந்த இரட்டைப் பாட்டு வேலையே நடந்தது. வேலை முடிந்து வீட்டுக்குக் காரில் போகிற வழியில் டவுன்சென்டுக்கு யோசனை வந்தது. ஒரே குரலை மெஷினே இரண்டாக்கித் தராதா?

தத்துவம் எளிதுதான். டேப் மெஷினில் பதிவு செய்கிற ஹெட் முதலில், ஒலிக்கிற ஹெட் அடுத்து. நடுவில் சின்ன இடைவெளி. டேப் அந்த இடைவெளியைக் கடக்க ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் ஆகும். குரல் இருக்கிற நான்கு டிராக் டேப்பை ஓடவிட்டு, பதிவு ஹெட்டிலிருந்தே குரலை முன்கூட்டி எடுத்தார். அதை இரண்டாவது மெஷினுக்கு அனுப்பிப் பதிவு செய்து, அங்கே அது அடுத்த ஹெட்டுக்கு வருகிறபோது எடுத்தார். முதல் மெஷினில் ஒலி ஹெட்டுக்கு வருகிற குரலும், இரண்டாவது மெஷினைச் சுற்றி வருகிற குரலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். இரண்டாவது மெஷினின் மோட்டாருக்கு மெயின்ஸ் கரண்டைத் தராமல், ஓர் ஆஸிலேட்டரையும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் வைத்து ஓட்டினார். அதிர்வெண்ணை 50-க்குக் கொஞ்சம் மேலே கீழே திருகினால் மோட்டார் வேகம் மாறும், குரல் இம்மி அளவு முன்னே பின்னே போகும். இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போலக் கேட்கும். ஏ.டி.டி. என்று பெயர் வைத்தார்கள். ஆர்டிஃபிஷியல் டபுள் டிராக்கிங். இன்று கணினியில் ஒரு பட்டனைத் தட்டிச் செய்கிற எத்தனையோ குரல் ஜாலங்களுக்கு முன்னோடி இது.

நம் லேபில் ஆஸிலேட்டர் இருக்கிறது. பவர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. மெஷின் லேபில் மோட்டார் இருக்கிறது. மூன்றும் மூன்று அறையில் இருப்பதால் மூன்று பேப்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே ஆள்தான் 1967 பிப்ரவரி 10-ஆம் தேதி இன்னொரு வேலையும் செய்தார். 'எ டே இன் தி லைஃப்' பாட்டுக்கு 40 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா வந்தது. ஸ்டூடியோவில் இருந்தவை நான்கு டிராக் மெஷின்கள். ஒரு டேப் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. இன்னொரு டேப்பில் ஆர்க்கெஸ்ட்ராவை எடுக்க வேண்டும், இரண்டும் ஒன்றுபோல ஓட வேண்டும். டவுன்சென்ட் முதல் டேப்பில் 50 சைக்கிள் ஒலி ஒன்றைப் பதிவு செய்து, அதையே பெருக்கி, இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓட்ட வைத்தார். முதல் மெஷின் கொஞ்சம் வேகம் குறைந்தால் இரண்டாவதும் குறையும். ஒரே மாட்டுவண்டியில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி. ஆடம்பரக் கருவி ஏதுமில்லை. இருந்த சாமான்களை வைத்து, தத்துவம் தெரிந்ததால் செய்தது.

ஜெஃப் எமரிக் என்ற பையனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினாறு வயசில் ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1966 ஏப்ரலில் 'ரிவால்வர்' தொடங்கியபோது பீட்டில்ஸின் முதன்மை ஒலி என்ஜினியர் ஆக்கப்பட்டார். வயசு 20! நம்மில் பலருடைய வயசு. பேஸ் டிரம்முக்கு மைக்கை இத்தனை தூரத்தில்தான் வைக்க வேண்டும் என்பது ஸ்டூடியோ விதி. காற்றழுத்தத்தில் மைக் கெட்டுவிடும் என்று பயம். எமரிக் மைக்கைக் கிட்டே கொண்டு வந்தார். டிரம்முக்குள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து எதிரொலியை அடக்கினார். அதுவரை யாரும் கேட்காத டிரம் சத்தம் வந்தது. மேலிடம் முறைத்தது. கடைசியில் பீட்டில்ஸ் வேலைக்கு மட்டும் அப்படிச் செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி வந்தது.

அதே வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டில் ஒரு ஒட்டு வேலை. லெனனுக்கு ஏழாவது டேக்கின் ஆரம்பம் பிடித்திருந்தது, இருபத்தாறாவது டேக்கின் மீதியும் பிடித்திருந்தது. இரண்டையும் சேருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுருதி வேறு, தாளவேகம் வேறு! நல்லவேளையாக, வேகமான டேக்கேதான் உயர்ந்த சுருதியிலும் இருந்தது. டேப்பை மெதுவாக ஓட்டினால் வேகமும் குறையும், சுருதியும் இறங்கும். மார்ட்டினும் எமரிக்கும் வேகத்தைச் சரிக்கட்டி, டேப்பைக் கத்தரித்து ஒட்டினார்கள். பாட்டு தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வரும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் பிடிபடும். ஏழு, இருபத்தாறு என்று நான் இவ்வளவு தைரியமாக எண் சொல்ல முடிகிறதே, எப்படி? ஏதோ ஒரு பையன் அன்றைக்குப் பெட்டியில் எழுதினான், அதனால்.

எழுதாமல் போனதும், எழுதியும் காப்பாற்றாமல் போனதும் உண்டு. அதையும் இந்தப் புத்தகம் மறைக்கவில்லை. பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டு 'லவ் மீ டூ'. 1962-இல் மூன்று தடவை பதிவானது, மூன்று தடவையும் டிரம் வாசித்தவர் வேறு வேறு. ஜூன் 6-இல் பீட் பெஸ்ட், செப்டம்பர் 4-இல் ரிங்கோ, செப்டம்பர் 11-இல் வாடகைக்கு வந்த ஆண்டி வைட். ரிங்கோ வாசித்ததுதான் முதலில் இசைத்தட்டாக வந்தது. அதன் மூல டேப் இன்று இல்லை. புதுப் பையன்கள் பாட்டுதானே, வைத்திருந்து என்ன செய்ய என்று அன்று யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். பிற்கால மறுபதிப்புகளுக்கு நல்ல நிலையில் இருந்த இசைத்தட்டு ஒன்றிலிருந்துதான் பிரதி எடுத்தார்கள். உலகத்திலேயே பெரிய குழுவின் முதல் பாட்டுக்கு இந்தக் கதி!

இதற்கு நேர்மாறாக 1967-இன் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பாருங்கள். நான்கு டிராக் நிறைந்தவுடன் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் ஒரே டிராக்காக மாற்றி, மிச்ச டிராக்குகளில் மேலும் பாடுவார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கூடும். ஆனால் முதல் டேப்பைத் தூக்கி எறியவில்லை. பெயரெழுதிப் பெட்டியில் வைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2017-இல், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அந்த முதல் டேப்புகளையே எடுத்து, புதிதாகக் கலந்து வெளியிட்டார். தெளிவு அபாரம். அப்பா காலத்து டேப் ஆபரேட்டர் எழுதிய சீட்டு மகனுக்கு வழி காட்டியிருக்கிறது.

இந்தப் புத்தகத்தைப் பற்றி விடுதியில் பேச ஆரம்பித்தால் மூன்று ஆட்சேபணை வரும். மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: "பாட்டைக் கேட்டு ரசிக்கிறதை விட்டுட்டு இதென்னடா மோட்டாரும் ஆஸிலேட்டரும்?" கோலத்தின் புள்ளிக் கணக்கு தெரிந்தவளுக்குக் கோலம் அழகில்லாமல் போய்விடுகிறதா? இந்தப் புத்தகம் படித்த பிறகு நான் பழைய பாட்டுகளில் புதுசு புதுசாகக் கேட்கிறேன். ரசனை கூடியதே தவிரக் குறையவில்லை.

இரண்டு: "பாட்டு எழுதினது லெனனும் மெக்கார்ட்னியும். டெக்னீஷியனுக்கு என்ன பெருமை?" நியாயமான கேள்வி. டவுன்சென்ட் இல்லாவிட்டாலும் அவர்கள் நல்ல பாட்டு எழுதியிருப்பார்கள், சந்தேகமில்லை. நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு நம் காதுக்கு வந்த ரூபத்தில் டெக்னீஷியன் கை இருக்கிறது. அதை மெக்கார்ட்னி மறுக்கவில்லை. புத்தகத்தின் முன்பகுதியில் அவருடைய நீண்ட பேட்டியே இருக்கிறது. 'சார்ஜன்ட் பெப்பர்' ஒலிப்பதிவுக்காக எமரிக்குக்கு கிராமி பரிசும் கிடைத்தது. ஆனால் பரிசு வாங்கியவர் ஒருவர், பெட்டியில் எழுதியவர்கள் பலர். அந்தப் பலருடைய பெயரைத் தேதிவாரியாக அச்சில் கொண்டு வந்தது இந்தப் புத்தகம்தான். எனக்கு அது பெரிய நியாயமாகப் படுகிறது.

மூன்று: "இப்ப எல்லாம் கம்ப்யூட்டரே தேதி போட்டு வெச்சுக்குமே!" போட்டு வைக்கும். உங்கள் பென் டிரைவைத் திறந்து பாருங்கள். ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் நியூ டூ, ரியல் ஃபைனல். எது நிஜமான ஃபைனல் என்று உங்களுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் தேதியைச் சொல்லும். இந்த முயற்சி ஏன் தோற்றது, எந்தப் பகுதி நன்றாக வந்தது, யார் இருந்தார்கள் என்று சொல்லாது. அதை மனுஷன்தான் எழுத வேண்டும்.

என் கருத்து இதுதான். ஒரு காரியத்தின் நம்பகமான வரலாறு, அதைச் செய்த நேரத்திலேயே, செய்த இடத்திலேயே, பெருமைக்காக இல்லாமல் எழுதப்பட்ட குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதுகிற வேலை உலகம் பூராவும் டெக்னீஷியன் கையில் இருக்கிறது. துணைமின் நிலையத்து லாக் ஷீட் ஆகட்டும், ஃபேக்டரியின் ஷிஃப்ட் நோட்டு ஆகட்டும், நாளைக்கு அதை நிரப்பப் போவது நாம்தான்.

அந்த வேலைக்கு நாம் எப்படித் தயாராகிறோம்? ரெக்கார்ட் நோட்டைப் பாருங்கள். எந்த பாலிடெக்னிக்கிலும் நடப்பதுதான். முதலில் தியரி விடையைப் போடுவது, அதிலிருந்து பின்னோக்கி நடந்து ரீடிங்கைத் தயாரிப்பது, கிராஃப் அழகாக வர வேண்டும் என்பதற்காக ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துவது. எல்லோருடைய நோட்டிலும் ஒரே பிழை இரண்டாவது தசமத்தில் இருக்கும்! ஆபி ரோடு பெட்டிகளில் பாதியில் நின்ற டேக்கையும் எழுதினார்கள். தப்பாகத் தொடங்கியதையும் எழுதினார்கள். 'எல்லா டேக்கும் பிரமாதம்' என்று எழுதியிருந்தால் லூயிசனுக்குப் புத்தகம் எழுத ஒன்றுமே கிடைத்திருக்காது. தோற்றதை மறைத்த பதிவேட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை. லேபில் ரீடிங் எகிறினால் மார்க் போகலாம். துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் வெப்பநிலையைக் குத்துமதிப்பாக எழுதினால் உயிரே போகலாம். பழக்கம் என்னவோ ஒன்றுதான்.

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் ஒவ்வொரு வருஷமும் பைண்டு செய்யப்பட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறிக்கப்பட்டு, பிறகு எங்கேயோ மறைந்துவிடுகின்றன. அடுத்த செட் மறுபடி முதலிலிருந்து அதே தப்பைச் செய்கிறது. நூலகத்தில் ஒரே ஒரு அலமாரி கேட்டு வாங்குவோம். அதில் பைண்டு செய்த ரிப்போர்ட் வேண்டாம். ஒவ்வொரு குழுவும் புராஜெக்ட் நாட்களில் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். என்ன தேதி, எந்த ஐ.சி. எரிந்தது, ஏன் எரிந்தது, யார் கண்டுபிடித்தார், எந்த இன்ஸ்ட்ரக்டர் உதவினார், எந்த லேப் அட்டெண்டர் சாயங்காலம் ஆறு மணி வரை கதவைத் திறந்து வைத்திருந்தார், எல்லாம் அதில் இருக்கட்டும். அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும். முதல் நோட்டை எங்கள் குழு தருகிறது. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அது நூலகரிடம் இருக்கும். இதுவரை மூன்று ஐ.சி.யும் ஒரு ரிலேவும் எரிந்த விவரம் அதில் தேதியோடு உள்ளது. ஜூனியர்கள் வாங்கிப் படிக்கலாம்.